முதலாளியின் முகம்: 'தி லெஜண்ட்' படத்தை முன்வைத்து

நாசரேத்தில் சித்தப்பா மகன் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கடை வாசலில் நின்று போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். ரீல்ஸ். "இப்பம் சரக்கு பேசாதுண்ணே, மொதலாளி மூஞ்சிதான் பேசும். லெஜண்ட் அண்ணாச்சிய பாருங்க" என்றான்.

அன்று ராத்திரியே 'தி லெஜண்ட்' படத்தை இரண்டாம் தடவை பார்த்தேன். முதல் தடவை பார்த்தது கேலி பண்ண. இந்தத் தடவை நோட்டும் பேனாவுமாக.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சரவணா ஸ்டோர்ஸ் குடும்பம் எங்கள் மாவட்டத்துக்காரர்கள், திருச்செந்தூர் பக்கம் பணிக்கநாடார் குடியிருப்பு. 1970ஐ ஒட்டி சென்னை ரங்கநாதன் தெருவில் சின்னக் கடையாக ஆரம்பித்தது. அடுத்த தலைமுறையில் சரவணன் அருள், ஹன்சிகா, தமன்னாவோடு தன் கடை விளம்பரங்களில் தானே ஆடினார். இணையம் மீம்ஸ் போட்டுத் தள்ளியது. 2022 ஜூலை 28 அன்று அவரே நாயகனாக, அவரே தயாரித்த படம் வந்தது. இயக்கியவர்கள் ஜேடி-ஜெர்ரி. அந்த விளம்பரங்களை எடுத்தவர்களும் அவர்கள்தான்.

நடிப்பு வரவில்லை, வயசு பொருந்தவில்லை என்று அப்போதே எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் குறை வேற. படத்தில் அவர் நுண்ணுயிரியல் விஞ்ஞானி. சர்க்கரை நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறார். ஒரு காட்சியிலாவது கடைக்காரராக வருவார் என்று பார்த்தேன், வரவில்லை. துணி எங்கே கொள்முதல் பண்ணுவது, எந்த விலைக்கு விற்றால் கூட்டம் வரும், தேரிக்காட்டு ஓரத்து ஊரிலிருந்து கிளம்பின ஒரு குடும்பம் ரங்கநாதன் தெருவை எப்படிப் பிடித்தது, இதெல்லாம் தமிழ் சினிமாவில் அவரை விடத் தெரிந்த ஆள் யார்? தனக்குத் தெரிந்த ஒரே கதையை விட்டுவிட்டு, நூறு நாயகர்கள் செய்துவிட்ட கதையை எடுத்துக்கொண்டார். முகம் அவருடையது. அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த வாழ்க்கைதான் படத்தில் இல்லை.

முதலாளி முகம் காட்டுவது புதுசு இல்லை. பழைய பீடிக்கட்டு, பொடி மட்டை, பல்பொடிப் பொட்டலத்தில் முதலாளி படம் இருக்கும். கீழே 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்'. எழுத்து வாசிக்கத் தெரியாத வாடிக்கையாளரும் முகத்தைப் பார்த்து அசல் எது என்று கண்டுபிடிக்கலாம். அதாவது முகம் அங்கே ஒரு கையெழுத்து.

விஜிபியில் விற்பனையாளராக இருந்த எச். வசந்தகுமார் 1978ல் வசந்த் அண்ட் கோ தொடங்கினார். அவருடைய சிரித்த முகத்தைப் பேப்பர் விளம்பரங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தவணைக்கு டிவி வாங்கும் குடும்பத்துக்கு அந்தச் சிரிப்பு ஒரு முகவரி. ரிப்பேர் ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும். லலிதா ஜுவல்லரி கிரண்குமார் மொட்டைத் தலையோடு வந்து, விலைச் சீட்டை எடுத்துப் போய் வேற கடையில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறார். நகை அங்கே வாங்குவதும் வாங்காததும் நம் இஷ்டம். ஆனால் சொன்னதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் முகம் இன்டர்ஃபேஸ். பின்னால் ஓடுகிற கோட் எதுவும் இல்லாமல் இன்டர்ஃபேஸ் மட்டும் இருந்தால் அது டெமோ.

மறுநாள் தம்பியிடம் இதைச் சொன்னேன். "கேலி பண்ணுதவனும் அவரு பேரத்தான சொல்லுதான்?" என்று மடக்கினான். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், தி.நகர் கடைக்கு அது போதும். பேரைக் கேட்டு உள்ளே வந்த ஆள் சேலையைத் தொட்டுப் பார்ப்பார், விரித்துப் பார்ப்பார், பிடிக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போவார். முகம் கூட்டத்தைக் கூட்டினால் போதும், மீதியைச் சரக்கு பார்த்துக்கொள்ளும். கருப்பட்டியை கூரியரில் வாங்கும் சென்னைக்காரரோ உடைத்துப் பார்க்க முடியாது, மோந்து பார்க்க முடியாது. அவருக்கு இருக்கிற ஒரே ஜாமீன் தம்பியின் முகம். ஆக, அவன் காப்பி அடிப்பது தப்பான ஆளை.

இதில் இன்னொரு சங்கடம். அவன் ரீலில் சொன்னது: "புதுக் கருப்பட்டி, நேத்துதான் காய்ச்சி வந்துச்சு."

"ஏலே, டிசம்பர்ல எந்தப் பனையில பதனீ இறங்குது?" என்றேன்.

பதில் இல்லை. சீசன் கோடையோடு சேர்ந்தது. மற்ற மாசங்களில் விற்பது இருப்பு வைத்த சரக்கு, அதில் தப்பும் இல்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் சீனி கலப்பு நிற்கவில்லை என்பது ஊர் அறிந்தது. அவன் கடையிலும் ரெண்டு விலையில் ரெண்டு ரகம் இருக்கிறது. கடைக்கு வருகிற உள்ளூர்க்காரரிடம் எது எது என்று சொல்லித்தான் கொடுக்கிறான். ரீலில் மட்டும் எல்லாமே ஒரிஜினல்.

"அங்கயும் சொல்லிட்டா என்னடே?"

"சொன்னா எவன் வாங்குவான்ணே?"

எனக்கு அதற்கு முழுப் பதில் தெரியாது. வியாபாரம் அவனுடையது, கடனும் அவனுடையது. மாசச் சம்பளக்காரன் நான் சொல்வது லேசு. ஆனாலும் முகம் ஒன்றுதான் இருக்கிறது. சரவணா ஸ்டோர்ஸ் முதலாளிக்குப் படம் ஓடாவிட்டாலும் கடை இருக்கிறது. தம்பிக்கு அந்த முகம் பொய் சொன்னது என்று ஆகிவிட்டால் பின்னால் வேற ஒன்றும் இல்லை.

ஊரிலிருந்து கிளம்புகிற அன்றைக்கு ரெண்டு கருப்பட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடைத்துக் காட்டி, எந்த மாசம் காய்ச்சியது, எது என்ன விலை என்று ஒரு வீடியோ எடுத்தோம். நான்தான் போனைப் பிடித்தேன். நன்றாகவே பேசினான், வாசலில் நின்று பேசியதை விட.

இன்னும் போடவில்லை. போட்டால் இங்கே சொல்கிறேன்.