வேலையோடு வந்த வீடு: சேரம்பாடித் தோட்டங்களின் உட்கட்டமைப்பு

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில், வயநாட்டை ஒட்டியிருக்கிறது சேரம்பாடி. கூடலூரிலிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர் வழியாக வரும் சாலை இந்த ஊரைக் கடந்து, சோலாடி சோதனைச்சாவடி தாண்டிக் கேரளத்தின் வடுவஞ்சாலுக்குப் போகிறது. மாவட்டத் தலைநகரான உதகையைவிட சுல்தான் பத்தேரிதான் இங்கிருந்து பக்கம். தோட்டத் தொழிலாளருக்கு வீடு, குடிநீர், மருத்துவம், பிள்ளைக் காப்பகம், உட்சாலை எல்லாவற்றையும் இங்கே பல பத்தாண்டுகளாகத் தோட்ட நிர்வாகமே பார்த்து வந்திருக்கிறது. வேலை கொடுப்பவரே ஊரையும் கட்டித் தர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்த ஏற்பாட்டுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி, குடியிருப்பு ஆகியவை முதலாளியின் கடமையாயின. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் கட்டாயமானது. சேரம்பாடியில் அந்த முதலாளி பெருமளவுக்கு அரசேதான். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா இசைந்தது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே 1976 முதல் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாக, மக்கள் வாயில் டான்டீயாக, இயங்குகிறது. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம், பாண்டியார் ஆகியவை அதன் கோட்டங்கள்.

இந்த ஏற்பாட்டின் நன்மையைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. மண்டபம் முகாமில் வந்திறங்கிய குடும்பங்களில் பலவற்றுக்குத் தொழில் கடன் கொடுத்துச் சமவெளிக்கு அனுப்பினார்கள். தெரியாத ஊரில், தெரியாத தொழிலில் அந்தப் பணத்தைத் தொலைத்துவிட்டு, பிழைப்புத் தேடி மறுபடி மலையேறியவர்கள் ஏராளம். தோட்டத்துக்கு வந்தவர்களுக்கோ தெரிந்த வேலையும் தலைக்கு மேல் ஒரு கூரையும் சேர்ந்தே கிடைத்தன. கொழுந்து பறிக்கப் போகும் தாய் கைக்குழந்தையை விட்டுச் செல்ல ஓர் இடம் இருந்தது. அன்றைய ஊராட்சிகளின் வரவு செலவில் இத்தனையையும் ஒருசேரச் செய்திருக்க வழியே இல்லை.

குறை தொடங்கும் இடம் தேயிலை விலை. சோவியத் ஒன்றியம் சிதைந்து அந்தச் சந்தை சுருங்கிய பிறகு, 1990களின் இறுதியில் நீலகிரித் தேயிலை விலை சரிந்தது. கழகம் தொடர்ந்து நட்டத்தில் விழுந்தது. நட்டம் வந்தால் கூலியில் கைவைப்பது கடினம். கூரை மாற்றுவதைத் தள்ளிப்போடுவது எளிது. குழாய், கழிப்பிடம், தோட்டச் சாலை என்று பராமரிப்பு ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போகிறது. 2022இல் கழகத்தின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது, தொழிலாளர்களின் அச்சம் வேலையைப் பற்றியதோடு நிற்கவில்லை. வேலை போனால் வீடும் தண்ணீரும் அதோடு போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெறும் நாளும் அப்படித்தான். நாற்பது வருடம் குடியிருந்த லைன் வீட்டின் (தோட்ட வரிசை வீட்டின்) மீது சட்டப்படி எந்த உரிமையும் கிடையாது.

அதைவிட ஆழமான சிக்கல் நிலத்தில் இருக்கிறது. கூடலூர், பந்தலூர் நிலங்கள் ஒருகாலத்தில் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம (பரம்பரை உடைமை) நிலங்கள். ஜென்ம முறையை ஒழிக்கும் 1969ஆம் ஆண்டுச் சட்டம் 1974இல்தான் நடைமுறைக்கு வந்தது. குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய அதன் 17ஆம் பிரிவு இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை. இந்தச் சிறு நிலப்பரப்பிலிருந்து நாட்டையே பாதித்த இரண்டு வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. ஒன்று, 1995இல் தொடங்கி இந்தியாவின் காடுகள் அனைத்துக்கும் வரையறை தந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. மற்றொன்று, அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் பற்றி 2007இல் தீர்ப்பான கொயலோ வழக்கு. சட்ட வரலாற்றில் இவற்றின் இடம் பெரியது. உள்ளூரில் நிலைமை வேறு. பிரிவு 17 நிலத்தில் வீடு கட்டியவர் மின் இணைப்புக்கு விண்ணப்பித்தால் பட்டா கேட்கிறார்கள். பட்டா கேட்டால் வழக்கைக் காட்டுகிறார்கள். தோட்டம் கைவிட்ட சாலையைச் செப்பனிட ஊராட்சி முன்வந்தாலும், அது வனமா, வருவாய் நிலமா, கழகக் குத்தகையா என்ற கேள்வியில் கோப்பு நின்றுவிடுகிறது.

இந்தத் தேக்கம் இரவில் உயிரோடு விளையாடுகிறது. லைன் வீடுகள் ஒட்டியொட்டிக் கட்டிய வரிசை வீடுகள். கழிப்பிடம் பல இடங்களில் வீட்டுக்கு வெளியே, சில அடி தள்ளி. சமவெளியில் இது வசதிக் குறைவு, அவ்வளவுதான். சேரம்பாடியில், பலாக்காய்க்கும் வீட்டுக்குள் இருக்கும் அரிசிக்கும் யானை வரும் இடத்தில், அந்தச் சில அடி ஆபத்தான தூரம். 2020 டிசம்பரில் இந்தப் பகுதியில் மூவரைக் கொன்ற ஆண் யானை 2021 பிப்ரவரியில் கும்கிகளின் துணையோடு பிடிக்கப்பட்டது. ஒரு யானையைப் பிடித்து முகாமுக்கு அனுப்பியதால் அதன் வழித்தடம் இல்லாமல் போய்விடாது. வீட்டோடு சேர்ந்த கழிப்பறையும் எரியும் தெருவிளக்கும் இங்கே வனவிலங்கு மேலாண்மையின் பகுதியாகவே எண்ணப்பட வேண்டியவை. தோட்டக் கணக்கில் இவை செலவு. வனத்துறைக் கணக்கில் இவற்றுக்கு இடமே இல்லை.

மருத்துவத்திலும் இதே இடைவெளிதான். உதகையில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. மாவட்டத்துக்கு அது பெரிய பேறு. ஆனால் சேரம்பாடியில் பிரசவ வலி கண்ட பெண் அங்கே போக, கூடலூரைத் தாண்டி நடுவட்டம் மலைப்பாதையில் ஏற வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மண் சரியும் பாதை அது. அதனால் பலர் எல்லை தாண்டி வயநாட்டுக்கோ கோழிக்கோட்டுக்கோ போகிறார்கள். இதே வட்டாரத்தில் மாற்று முறை ஒன்றும் இருக்கிறது. 1990 முதல் இயங்கும் அஸ்வினி அமைப்பு, பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகளிலேயே நலப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, அவர்களைக் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையோடு இணைத்தது. அங்கே சிகிச்சை பெற யாரிடமும் வேலை செய்ய வேண்டியதில்லை, அந்த இடத்தில் வாழ்ந்தால் போதும். தோட்ட ஏற்பாட்டில் இல்லாதது இதுதான்.

இலங்கை மலையகமும் இதே லைன் வீட்டுச் சிக்கலோடுதான் இருக்கிறது. அங்கே ஏழு பேர்ச் (அங்குள்ள நில அளவு) நிலத்தோடு தனி வீடு என்ற திசையில் நகர்ந்திருக்கிறார்கள். 4,000 வீடுகளுக்கு இந்திய அரசு பணம் கொடுத்தது, மேலும் 10,000 வீடுகளை 2017இல் அறிவித்தது. அந்தப் பணி மெதுவாகவே நடக்கிறது. ஆயினும் வீட்டை வேலையிலிருந்து பிரித்து நிலத்தோடு சேர்த்தது சரியான முடிவு. கடல் தாண்டிய உறவினருக்கு இந்தியா ஒப்புக்கொண்டதைச் சேரம்பாடிக்கு மறுக்க நியாயம் எதுவும் இல்லை.

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால், சாலை, குடிநீர், மின்கம்பி, பள்ளி, மருந்தகம் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தர இடமளிக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தோட்ட நலவசதிகளை ஊராட்சி, அரசுத் திட்டங்கள் வழியாகவும் முதலாளி செய்து தரலாம் என்கிறது. இதில் முதலாளி கைகழுவிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே கழகம் எந்த வசதியை எந்தத் தேதியில் எந்த நிலையில் ஒப்படைக்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன் லைன் வீடுகள் நிற்கும் நிலத்தை மட்டுமாவது அளந்து, தோட்டத்திலிருந்து பிரித்து, குடியிருப்பு நிலமாக அறிவிக்க வேண்டும். புல எண் இல்லாத இடத்துக்கு ஊராட்சியால் குழாய் போட முடியாது.