விலங்கைக் கழற்றுவது யார்?

சிறையைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் இருவகைப்படும். தாம் பட்ட துன்பத்தை எடுத்துரைப்பது ஒருவகை. தம்மோடு துன்பப்பட்டவர்களை எடுத்துரைப்பது மற்றொரு வகை. முதல்வகை நூல்கள் நம் இரக்கத்தைப் பெறுகின்றன. இரண்டாம் வகையோ நம்மைக் கேள்வி கேட்கின்றது. 'இறந்தோர் இல்லத்துக் குறிப்புகள்' என்று தமிழில் வழங்கத்தக்க, ருஷ்ய எழுத்தாளர் தாஸ்தயெவ்ஸ்கியின் நூல் இவ்விரண்டாம் வகையில் தலையாயது என்பது நமது துணிபு.

அரசுக்கு ஆகாத கருத்துகளைப் பேசிய நண்பர் குழுவில் இருந்ததற்காக, 1849 ஏப்ரலில் தாஸ்தயெவ்ஸ்கி கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள், சுட்டுக் கொல்வதற்கெனத் தோழர்களுடன் சதுக்கத்தில் நிறுத்தப்பட்டார். துப்பாக்கிகள் குறி பார்த்த இறுதி நொடியில் தண்டனை குறைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. குறைத்தது முன்னரே முடிவான ஒன்று. மரணத்தின் வாயில்வரை கொண்டு சென்று நிறுத்தியது திட்டமிட்ட நாடகம். 1850 தொடங்கி நான்காண்டுகள், சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரச் சிறையில் காலில் விலங்குடன் கடுங்காவல். அந்த நான்காண்டுகளின் விளைச்சலே, 1860க்கும் 1862க்கும் இடையில் இதழ்களில் வெளியான இந்நூல்.

நூலைச் சொல்பவர் தாஸ்தயெவ்ஸ்கி அல்லர். மனைவியைக் கொன்று பத்தாண்டு தண்டனை பெற்ற கொர்யாஞ்சிக்கவ் என்னும் கற்பனை மாந்தர். தணிக்கைக்கு அஞ்சிப் போட்ட திரை இது. ஆனால் சில பக்கங்களிலேயே திரை விலகிவிடுகின்றது. மனைவியைக் கொன்றவனின் நெஞ்சு எங்கும் பேசவில்லை; கருத்துக்காகச் சிறை புகுந்தவனின் குரலே பேசுகின்றது. கதையமைப்பு என்ற வகையில் இது குறை. ஆயினும் வாசகர் எவரும் இதனைப் பொருட்படுத்துவதில்லை. நூலின் உயிர் கதையில் இல்லை, கண்ட காட்சியில் இருக்கின்றது.

சிறை எதற்காக? குற்றவாளியைத் திருத்த என்பர் சிலர். பிறரை அச்சுறுத்த என்பர் சிலர். செய்த தீங்குக்கு ஈடு வாங்க என்பர் வேறு சிலர். நூல் இம்மூன்றையும் ஒவ்வொன்றாக உரைத்துப் பார்க்கின்றது. அத்தனை ஆண்டுகளில் உடனிருந்தோரிடம் கழிவிரக்கத்தின் அறிகுறியைத் தாம் கண்டதில்லை என்கிறார் ஆசிரியர். தனிச்சிறையோ மனிதனின் சாரத்தை உறிஞ்சி, வற்றிய கூட்டைத் திருந்தியவன் என்று காட்டுகின்றது என்பது அவர் கணிப்பு. மனிதனை முற்றிலும் நொறுக்க வேண்டுமானால் அடிக்க வேண்டியதில்லை. ஒரு தொட்டி நீரை மற்றொரு தொட்டிக்கும், அங்கிருந்து மீண்டும் முதல் தொட்டிக்கும் ஊற்றச் சொன்னால் போதும் என்றொரு கருத்தும் நூலில் உண்டு. உழைப்பு வதைப்பதில்லை, பொருளற்ற உழைப்பே வதைக்கின்றது. இதனைப் புரிந்துகொள்ளச் சிறைக்குப் போக வேண்டியதில்லை. நம் வீட்டில் வேலைக்கு நிற்கும் சிறுவனின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

வன்முறையைக் கூறும் பக்கங்கள் படிக்கக் கடினமானவை. இரு வரிசையாகப் படைவீரர் பிரம்புகளுடன் நிற்க, அவர்களுக்கிடையே கைதியை நடத்திச் சென்று அடிப்பது அக்காலத் தண்டனை. அடிகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் செல்லும். தாங்காமல் சாய்ந்தவனை மருத்துவமனையில் சேர்ப்பர். முதுகு ஆறியதும் எஞ்சிய அடிகளை நிறைவேற்றுவர். மருத்துவர்கள் அன்புடையோரே என்று ஆசிரியர் நன்றியுடன் பதிகின்றார். ஆனால் அவர்கள் ஆற்றிய புண்ணின் மீதே மறுபடியும் பிரம்பு விழுந்தது. பிறர் உடல்மீது எல்லையற்ற அதிகாரம் பெற்றவன் நாளடைவில் அதன் சுவைக்கு அடிமையாகிறான் என்பதையும், அதைக் கண்டும் வாளாவிருக்கும் சமுதாயம் அடித்தளத்திலேயே நோயுற்றது என்பதையும் நூல் உணர்த்துகின்றது. நூல் முற்றுப்பெற்ற மறு ஆண்டில், 1863இல், ருஷ்யாவில் அத்தண்டனை ஒழிக்கப்பட்டது. நூலால்தான் ஒழிந்தது என்று கூற நாம் துணியோம். நூல் வீண்போகவில்லை என்று மட்டும் கூறுவோம்.

அடியைவிட நம்மை உலுக்குவது ஓர் அமைதியான காட்சி. மிஹாய்லவ் என்னும் காசநோயாளி மருத்துவமனையில் இறக்கின்றான். எலும்பும் தோலுமான அவ்வுடலுக்குப் போர்வையும் பாரமாகி, சட்டையும் பாரமாகி, எல்லாம் விலகிய பின்னும் கால் விலங்கு மட்டும் கிடக்கின்றது. விலங்கு இருந்தால்தான் ஓடமாட்டான் என்பதற்கில்லை. அவனால் எழுந்திருக்கவும் இயலாது. பின் எதற்கு? இழிவுக்காக. அவன் உயிர் பிரிந்த பின்னரே கொல்லனுக்கு ஆள் அனுப்புகின்றனர். இவனுக்கும் தாய் ஒருத்தி இருந்தாளே என்று உடனிருந்த கைதி ஒருவன் முணுமுணுக்கின்றான். சிறைகளைப் பற்றிய ஆயிரம் அறிக்கைகள் சொல்லாததை அந்த முணுமுணுப்புச் சொல்லிவிடுகின்றது.

நம் வாசகர்கள் தனியே கவனிக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. அச்சிறையில் காக்கேசிய மலைநாட்டு முஸ்லிம்களும் இருந்தனர். நுர்ரா என்பவர் திருட்டையும் குடியையும் பொய்யையும் வெறுத்தவர், நோன்பு நோற்பவர், தொழுகையில் இரவெல்லாம் நிற்பவர். சிறையே அவர் நேர்மையை நம்பியது. அலேய் என்னும் தாகெஸ்தான் இளைஞன், அண்ணன்மார் அழைத்ததும் எங்கே, எதற்கு என்று கேளாமல் உடன்சென்று கொள்ளைக் குற்றத்தில் அகப்பட்டவன். மூத்தோர் சொல்லைத் தட்டாத பண்பே அவனைச் சைபீரியாவிற்குக் கொண்டுவந்தது. அவனுக்கு ருஷ்ய மொழி கற்பிக்க ஆசிரியரிடம் இருந்த ஒரே நூல் புதிய ஏற்பாடு. படித்துவந்த அலேய், ஈசா நபியின் சொற்களில் உள்ளம் கரைகின்றான். அவர் களிமண்ணால் பறவை செய்து ஊத அது பறந்த செய்தி தங்கள் வேதத்தில் உண்டென்று அவனும் அண்ணன்மாரும் ஆசிரியரிடம் கூறுகின்றனர். குர்ஆனை அறிந்த வாசகர்க்கு இது எவ்வளவு துல்லியமான பதிவு என்பது விளங்கும். இருவரும் ஒருவரை ஒருவர் மதம் மாற்ற முனையவில்லை. ஒருவரை ஒருவர் மனிதராக்கினர். சிறை செய்யாத திருத்தத்தை ஒரு புத்தகமும் ஒரு நட்பும் செய்தன.

ஆயினும், நம்மவரைப் போற்றினார் என்பதற்காக நூலின் மாசை மறைத்தலாகாது. அதே சிறையில் இருந்த ஈசாய் ஃபோமிச் என்னும் யூதக் கைதியை ஆசிரியர் நகைப்புப் பொருளாகவே வரைகின்றார். நுர்ராவின் தொழுகையைக் கண்டு வணங்கிய கண், அவன் வழிபாட்டைக் கண்டு சிரிக்கின்றது. பக்கத்துப் பலகையில் படுத்திருந்தவனின் மாண்பு அவருக்குத் தெரியவில்லை. மற்றொரு குறையும் உண்டு. கொன்றவர்களின் நெஞ்சைத் துருவிய பேனா, கொல்லப்பட்டவர்களின் வீட்டு வாசலில் நிற்கவேயில்லை. கணவனால் வதைக்கப்பட்டு மாண்ட அகூல்காவின் கதையில் மட்டுமே அத்துயரம் சற்று எட்டிப் பார்க்கின்றது. கைதிக்காகப் பேசுவோர் இழந்தவர்க்காகவும் பேசினால்தான் அந்தப் பேச்சு நீதியாகும்.

இவை அனைத்திற்கும் மேலாக நூலில் ஒரு பேரிடி இருக்கின்றது. தந்தையைக் கொன்றவனாகத் தொடக்கத்தில் காட்டப்படும் ஒருவன், பத்தாண்டு வதைபட்ட பின், குற்றமற்றவன் என்று தெரியவந்த செய்தி இரண்டாம் பாகத்தில் வருகின்றது. சிறையிலிருப்போர் எல்லாம் குற்றவாளிகள் அல்லர் என்பதை யூசுப் நபியின் வரலாற்றிலிருந்தே அறிந்தவர்கள் நாம். அறிந்தும், ஒருவனைக் காவலர் அழைத்துச் சென்றார்கள் என்று கேட்ட மறுகணமே அவன் வீட்டோடு கொண்ட உறவை அறுத்துக்கொள்கின்றோம். தீர்ப்பு வருமுன்னரே நம் தெரு தீர்ப்பளித்துவிடுகின்றது.

அக்கால ருஷ்ய எளிய மக்கள் கைதிகளைக் குற்றவாளிகள் என்னாமல் பாக்கியமற்றோர் என்றே அழைத்ததாக நூல் கூறுகின்றது. ஏழைச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து ஒரு கோபெக் நாணயத்தை ஆசிரியர் கையில் வைத்துச் செல்கின்றாள். நெடுநாள் அவர் அதைப் போற்றி வைத்திருந்தார். விடுதலை நாளில் காலை உலைக்கல்மேல் வைத்து விலங்கை உடைத்தவர்களும் உடன் கைதிகளான கொல்லர்களே. ஆம், இரும்பு விலங்கைக் கொல்லன் கழற்றிவிடுவான். வெளியே வந்தவனுக்கு வேலை தராமலும், வீடு தராமலும், அவன் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளைப் பழகவிடாமலும் நாம் பூட்டும் விலங்கைக் கழற்ற எந்தக் கொல்லனும் வரமாட்டான். பூட்டியவர்களே கழற்ற வேண்டும். இந்நூலை இல்லத்தில் பெரியோரும் இளையோரும் கூடிப் படிக்க வேண்டும் என்று நாம் பரிந்துரைப்பது அதற்காகத்தான்.