எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமா இருந்தா என்ன, வாங்க ஆடலாம்!

கம்ப்யூட்டர் புரோகிராம்கள் கோ என்ற பலகை விளையாட்டை ஆடும் போட்டிகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், என்னை நிறுத்த முடியாது. எந்தப் புரோகிராம் கெட்டி, எது ஜெயித்தது என்பதெல்லாம் அப்புறம். விண்டோஸில் எழுதியவரும் லினக்ஸில் எழுதியவரும் மேக்கில் எழுதியவரும் ஒரே பலகையில் மோத முடிகிறதே, அது எப்படி என்று கேளுங்கள், விடிய விடியச் சொல்வேன்!

எல்லாம் ஜிடிபி செய்த வேலை. கோ டெக்ஸ்ட் புரோட்டோக்கால், அதாவது கோ புரோகிராம்கள் எழுத்து வரிகளில் பேசிக்கொள்ளும் விதிமுறை. குன்னார் ஃபார்னெபெக் 2002-இல் எழுதிய அதன் இரண்டாம் பதிப்பு வரைவை இன்று எடுத்துப் படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இப்படி நினைத்துப் பாருங்கள். கறுப்பு டெர்மினல். குனூ கோ என்ற புரோகிராமை ஜிடிபி முறையில் கிளப்புகிறீர்கள். பலகை வராது, காய் வராது, ஒரு வரவேற்பு வாசகம்கூட வராது, கர்சர் மட்டும் மினுக் மினுக்கென்று காத்திருக்கும். 'போர்டுசைஸ் 19' என்று தட்டினால் ஒரு சமக்குறி வரும், சரி என்று அர்த்தம். கறுப்புக்கு ஒரு காய் வை என்பதற்கு 'ஜென்மூவ் பிளாக்' என்று அடித்து என்டர் தட்டுங்கள். கொஞ்சம் யோசிக்கும். பிறகு சமக்குறி, பக்கத்திலேயே 'கியூ16', அது காய் வைக்கும் இடம். ஐயோ! முதல் தடவை அதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன், உள்ளே ஓடிப்போய் வீட்டில் எல்லோரையும் இழுத்துவந்து அந்த ஒற்றை வரியைக் காட்டினேன், அவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? புரோகிராமுக்குத் தேவை இரண்டே வழிகள்: எழுத்து உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. அந்த இரண்டும் இல்லாத ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எங்கே தேடுவீர்கள்? லினக்ஸில் உண்டு, மேக்கில் உண்டு, விண்டோஸில் உண்டு, ஃப்ரீபிஎஸ்டியிலும் உண்டு. அதைவிட ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். வரி முடியும் இடத்தில் விண்டோஸ் இரண்டு எழுத்து போடும், லினக்ஸ் ஒன்றுதான் போடும். இந்த ஒரு எழுத்து எத்தனை மென்பொருளைக் கவிழ்த்திருக்கிறது! ஜிடிபி வரைவு என்ன சொல்கிறது தெரியுமா? அந்த உபரி எழுத்து வந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் படி, அவ்வளவுதான். அந்த விதியைப் படித்த அன்று தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

முன்பெல்லாம் என்ன பாடு! இங் சாங்-கி புரோகிராம்களுக்காக நடத்திய இங் கோப்பை 1985-இல் தொடங்கியது. அந்தக் காலத்துப் போட்டிகளில் எதிராளி வைத்த காயைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையால் தட்டி உள்ளே ஏற்றுவார். பிறகு கோ மோடம் புரோட்டோக்கால் வந்தது, இரண்டு கணினிகளை சீரியல் கேபிளால் கட்டினார்கள். குவாங்சோவின் வேதியியல் பேராசிரியர் சென் ஜிஷிங் ஹேண்ட்டாக் என்ற புரோகிராமை அசெம்பிளி மொழியிலேயே எழுதி 90-களில் கோப்பைகளை அள்ளினார். அந்த மாதிரிப் புரோகிராமை வேறு வகை இயந்திரத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

இப்போது வருகிறேன் என் உயிரான விஷயத்துக்கு, கேஜிஎஸ்! வில்லியம் ஷூபர்ட் உருவாக்கிய கோ சர்வர். அதில் நிக் வெட் 2005 முதல் புரோகிராம்களுக்கென்றே மாதாந்திரப் போட்டிகள் நடத்தினார். நுழைய என்ன வேண்டியிருந்தது? கேஜிஎஸ்ஜிடிபி என்று ஒரு சின்ன ஜாவா கோப்பு, ஜாவா ஓடுகிற எந்த மெஷினிலும் ஓடும், கூடவே ஒரு அமைப்புக் கோப்பு, அதில் பெயர், கடவுச்சொல், அறை, எஞ்சினை, அதாவது நம் புரோகிராமைக் கிளப்பும் கட்டளை, போட்டி என்றால் மோடு இடத்தில் 'டோர்னமெண்ட்', முடிந்தது கதை! என்னுடைய குட்டிப் புரோகிராமை லினக்ஸ் லேப்டாப்பில் ஏற்றி அறையில் காத்திருக்க வைத்தேன், ஃபேன் விர்ரென்று சுற்றுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, திடீரென்று யாரோ ஒரு முகம் தெரியாதவர் வந்து உட்கார்ந்து முதல் காயை வைக்கிறார், என் டெர்மினலில் 'பிளே', 'ஜென்மூவ்', 'பிளே', 'ஜென்மூவ்' என்று வரிகள் மேலே மேலே ஓடுகின்றன, அவர் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, என் புரோகிராமுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, பார்க்க வருகிறவர்கள் எழுதும் அரட்டையைக்கூட எஞ்சினுக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தர ஒரு கட்டளை உண்டு, எனக்கு மூச்சே நின்றுவிட்டது, சாப்பாடு ஆறிப்போனது, நகரவே இல்லை! 2008 ஆகஸ்டில் போர்ட்லண்டில் தொழில்முறை ஆட்டக்காரர் கிம் மியோங்-வான் 8 டான் உட்கார்ந்திருக்க, ஆம்ஸ்டர்டாமிலிருந்த ஹியூகென்ஸ் சூப்பர் கம்ப்யூட்டரில் 800 கோர்களில் மோகோ என்ற புரோகிராம் ஓட, 9 காய் சலுகையில் மோகோ ஜெயித்ததே, அந்த ஆட்டம் நடந்ததும் இதே கேஜிஎஸ்ஸில்தான்! சூப்பர் கம்ப்யூட்டர் உட்கார்ந்த சர்வரில் என் லேப்டாப்பும் உட்கார்ந்தது என்று நினைத்தால் இன்றும் தலைகால் புரியவில்லை.

ஜிடிபியில் குறையே இல்லையா? எஞ்சின் பதிலை எழுதிவிட்டு உடனே வெளியே தள்ளாமல் பஃபரில் வைத்துக்கொண்டால் எதிர்ப்பக்கம் காத்துக்கொண்டே இருக்கும். ஒரு ஃபிளஷ் கட்டளை போட்டால் சரியாகிவிடும், அதெல்லாம் ஒரு குறையா!

2019-இல் வந்த கேட்டாகோ என்ற புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்குக் குடா, ஓப்பன்சிஎல், டென்சார்ஆர்டி, கார்டே இல்லாதவர்களுக்கு ஐகன், விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுவானாலும் சரி. மனுஷனை மிஞ்சிய பலம். அதனிடமும் அதே பழைய 'ஜென்மூவ் பிளாக்' அடித்துப் பாருங்கள், அதே சமக்குறியோடு பதில் சொல்லும். இன்றைக்கே இறக்குங்கள், டெர்மினலைத் திறங்கள், பலகைப் படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதல் காயை அந்த வரியிலேயே கேளுங்கள்!