துப்பாக்கியை நீக்கிய பின் எஞ்சும் காடு

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இந்திய வனவிலங்குகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த ஜனரஞ்சக நூல்கள் ஒரு தனி நூலகத்தையே நிரப்பும்; ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை பரண்மீது இராக் கழித்த வீரத்தையும் வீழ்த்திய விலங்குகளின் கணக்கையும் திரும்பத் திரும்ப உரைப்பனவாதலால், அவற்றைத் தரம் பிரிக்க நான் கைக்கொள்ளும் உரைகல் ஒன்றே: துப்பாக்கியை நீக்கிவிட்டால் அந்நூலில் விலங்கு எஞ்சி நிற்கிறதா?

1807-இல் ஹோவிட்டின் வர்ணச் சித்திரங்களோடு வெளிவந்த வில்லியம்ஸனின் நூலில் எஞ்சுவது பெரும்பாலும் ஆடம்பரமே. மைசூர் சமஸ்தானத்துக்காக யானைகளை உயிரோடு பிடித்த ஸாண்டர்ஸன், 1878-இல் எழுதியதோ வேறு ஜாதி. யானையின் முன்னங்கால் அடியின் சுற்றளவை இரட்டித்தால் ஏறத்தாழ அதன் தோள் உயரம் வந்துவிடும் என்பது போன்ற அனுபவ ஞானத்தை எளிய நடையில் தந்ததோடு, யானையின் உயரத்தையும் புத்தியையும் பற்றி வழங்கிய மிகைகளையும் அவர் தயங்காமல் களைந்தார். செத்த புலியின் முதுகு வளைவோடு நாடாவை ஒட்டிப் பிடித்து அங்குலங்களைக் கூட்டிக்கொள்ளும் வழக்கம் மலிந்திருந்த காலத்தில், மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் முளையடித்து இடைத்தூரத்தை நேர்கோட்டில் அளப்பதே நேர்மை என்று கொண்ட டன்பார் பிராண்டரின் மத்திய இந்திய நூலும் (1923) இவ்வரிசையில் வைக்கத் தக்கது.

காட்டுக்கே போகாமல் எழுதியவர்களையும் குறைத்து மதிப்பதற்கில்லை. பம்பாய் மாகாணத்துச் சுங்க, உப்பு இலாகாவில் ஊழியம் பார்த்த எய்ட்கன், ‘இஹா’ என்ற புனைபெயரில் 1883-இல் வெளியிட்ட நூலில், தம் பங்களாவுக்குள் குடிபுகுந்த எலியையும் தவளையையும் காக்கையையும் எறும்பையுமே எல்லைப்புறத்துக் குலங்களாக வர்ணித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைத் தோற்றுவித்த எண்மருள் அவர் ஒருவர் என்பதை நினைத்தால், அந்த நகைச்சுவைக்கு அடியில் ஓடும் கூரிய அவதானம் வியப்பளிக்காது. இம்மரபின் மிகச் சிறந்த வசனநடை அவருடையது என்பதே என் துணிபு.

வனத்துறை அதிகாரியான சாம்பியன் 1927-இல் வெளியிட்ட நூலில் துப்பாக்கியின் இடத்தைக் காமிரா பற்றிக்கொண்டது. விலங்கு செல்லும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டிவைக்க, அதன்மேல் புலி கால் வைத்த மாத்திரத்தில் ஒளி வெடித்து, அது தன் உருவத்தைத் தானே பதித்துவிட்டுப் போகும். ஒரு புலியின் வரிகள் மற்றொன்றின் வரிகளைப் போல் இரா என்பதை அப்படங்களைக் கொண்டே அவர் எடுத்துக்காட்டினார்.

1944-இல் வெளிவந்த ஜிம் கார்பெட்டின் குமாவுன் நூலில் துப்பாக்கி ஏடுதோறும் இருக்கிறது. எனினும் அவர் மெய்யாகத் தேடுவது காரணத்தை. 436 உயிர்களைக் குடித்ததாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் வீழ்த்தியதும், பழைய குண்டடியால் அதன் வலப்புறக் கோரைப்பற்கள் உடைந்திருந்ததை அவர் கண்டறிகிறார். முக்தேசரத்துப் புலியின் முன்காலிலோ முள்ளம்பன்றியின் முட்கள் ஏறத்தாழ ஐம்பது தைத்திருந்தன. நரபட்சிணி என்று ஊர் நடுங்கிய பிராணி, இயல்பான இரையைப் பிடிக்க மாட்டாத நோயாளி என்பதை அவ்வளவு கனிவோடு விளங்கவைத்த வேட்டைக்காரர் வேறொருவரை நான் அறியேன்.

இத்தனை சிறப்புக்கிடையே என் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. அடிச்சுவடு கண்டு வழிகாட்டிய சோளகர், குறும்பர், கோண்டர் ஆகியோரின் அறிவு இந்நூல்களின் அஸ்திவாரமாயிருந்தும், அவர்களுள் மிகப் பலருக்கு ஏடுகளில் பெயரே இல்லை. இதற்கு விலக்காக, கார்பெட் 1952-இல் வெளியிட்ட ‘என் இந்தியா’ என்ற நூலில், தம் பிள்ளைப் பிராயத்தில் காட்டைப் பழக்கிக் கொடுத்த குன்வர் சிங்குக்கு, சர்க்கார் கணக்கில் கள்ளவேட்டைக்காரனேயாகிய அவனுக்கு, அவன் பெயராலேயே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறார்.