பறிபோன பேச்சு

எளிமையாக எழுதப்பட்ட கவிதையைப் பார்த்தால் நம் வாசகர்களில் சிலருக்கு ஓர் அலட்சியம் உண்டாகிவிடுகிறது. "இதை நானும் எழுதிவிடுவேனே" என்பார்கள். அவர்கள் ரீட்டா ஜோவின் ஒரு சிறு கவிதையையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

கனடாவின் கிழக்குக் கடற்கரையில், வெள்ளையர் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வாழ்ந்துவரும் மிக்மாக் குடியில், கேப் பிரெட்டன் தீவில் 1932-ல் பிறந்தவர் அவர். ஐந்து வயதில் தாயை இழந்தார். பிறர் வீடுகளில் வளர்ந்து, பன்னிரண்டாவது வயதில் ஷூபனாகடி என்ற ஊரின் விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே தாய்மொழி பேசுவது தண்டனைக்குரிய குற்றம். முதல் கவிதைத் தொகுதி வெளிவந்தது 1978-ல், 2007-ல் காலமானார்.

அந்தப் பள்ளியில் பேச்சை இழந்ததைப் பற்றியது நான் சொல்லும் கவிதை. தானே எதையோ தொலைத்துவிட்டவள் போலத் தொடங்குகிறாள் அந்தப் பெண். அடுத்த மூச்சிலேயே, பறித்தவரைப் பார்த்து நேராகப் பேசுகிறாள். அதுவும் அவர்களுடைய ஆங்கிலத்திலேயே. முடிவில் சாபம் இல்லை. கையை நீட்டி, தன் பேச்சைத் தேடிக்கொள்ள விடும்படி கேட்கிறாள். 'இவ்வளவு பணிவு எதற்கு?' என்று கேட்கத் தோன்றும். எனக்கு அது பணிவாகப் படவில்லை. பேச்சு திரும்பக் கிடைத்தால் தன்னைப் பற்றி அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவாளாம்! மாணவி ஆசிரியையாகிவிடுகிறாள்; பள்ளிக்கூடம் பெஞ்சில் உட்கார வேண்டியதாகிறது. குரலை உயர்த்தாமல் இதைச் செய்ததுதான் கலை.

சர்க்கார் கேட்கும் கேள்வியோடு சேர்த்துப் படித்தால் கவிதையின் கூர்மை இன்னும் விளங்கும். யார் இந்தியர் என்பதை அங்கே 1876-ஆம் வருஷத்துச் சட்டமும் ஒரு பதிவேடும் தீர்மானித்தன. வெளியாரை மணந்த பெண் பதிவை இழந்தாள். ஆண் மணந்த வெள்ளைக்காரி பதிவு பெற்றாள். 1985 வரை இதுதான் நியாயம்! நியூபவுண்ட்லாந்து 1949-ல் கனடாவோடு சேர்ந்தபோது, அங்கிருந்த மிக்மாக் மக்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாமலே விடப்பட்டது. அவர்களில் ஹலிபு என்ற பிரிவுக்கு 2011-ல் அங்கீகாரம் கிடைத்தது. ஒரு லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. விதிகள் இறுக்கப்பட்டன, 2017-ல் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள்.

லட்சம் பேர் வந்தால் ஏதோ ஒரு சோதனை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூதாதையரில் ஒருவரைக் காட்டிச் சலுகை கேட்பவனையும், அந்த வாழ்வையே வாழ்ந்துவருபவனையும் பிரித்தறியத்தான் வேண்டும். ஆனால் 'நீ யார்?' என்று கேட்கும் இதே சர்க்கார்தான், அதற்குப் பதில் சொல்லக்கூடிய நாவைக் குழந்தைகளிடமிருந்து பிடுங்கியது. சாட்சியை ஊமையாக்கிவிட்டு வாக்குமூலம் கேட்பதை என்னவென்று சொல்வது? ரீட்டா ஜோ இந்த வாதத்தை எங்கும் செய்யவில்லை. அந்தச் சிறுமியைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறார். வாதம் நம் மனத்தில் நடக்கிறது.

அவர் எழுதியதெல்லாம் இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். தம் குடியின் பெருமையை விளக்கப் புகும் இடங்களில் கவிதை பாடப்புத்தகமாகிவிடுகிறது. கேட்பவர் யார் என்று தெரிந்து, அவர் முகத்தைப் பார்த்துப் பேசும்போது மட்டும் அவர் தவறுவதே இல்லை.

2022-ல் நோவா ஸ்கோஷியா மாகாணம் மிக்மாக் மொழியைத் தன் முதல் மொழியாகச் சட்டம் செய்து ஏற்றது. ரீட்டா ஜோ இறந்து பதினைந்து வருஷங்கள் ஆகியிருந்தன. நீட்டிய கை அதுவரை காத்திருந்தது.