பூட்டு–சாவி உவமையும் உருவமிலாப் புரதங்களும்

உயிரணுவிற்குள் புரதங்கள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்று கேட்டால், பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் ஒரே விடையைத்தான் கூறுவர்: பூட்டும் சாவியும்போல. நொதி பூட்டு, அது வினைபுரியும் பொருள் சாவி. 1894ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் எமில் ஃபிஷர் கையாண்ட உவமை இது. ஒரு நொதி குறிப்பிட்ட ஒரு சர்க்கரைச் சேர்மத்தைச் சிதைக்கிறது. அதனினும் மிகச் சிறிதே வேறுபட்ட மற்றொன்றைத் தொடுவதில்லை. இதை விளக்க அவருக்கு அவ்வுவமை போதுமானதாக இருந்தது. எந்தப் புரதத்தின் உருவத்தையும் எவரும் கண்டிராத காலத்தில் சொல்லப்பட்டது 130 ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கிறதென்றால், அது நல்ல உவமைதான். குறை உவமையில் இல்லை. அதை எல்லாப் புரதங்களுக்கும் இலக்கணமாக்கிவிட்டதில்தான் இருக்கிறது.

பூட்டைப் பற்றிப் பேச எங்கள் மாவட்டத்தாருக்குச் சற்று உரிமை உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டின் சிறப்பெல்லாம் அதன் விறைப்பில் உள்ளது. சாவியின் வெட்டு இம்மி பிசகினாலும் அது திறவாது. வளைந்து கொடுக்கும் சாவியை எவரும் காசு கொடுத்து வாங்கமாட்டார். ஆனால் நம் உயிரணுக்கள் அத்தகைய சாவிகளைத்தான் ஏராளமாகச் செய்து வைத்திருக்கின்றன. மனிதப் புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நிலையான உருவம் எதுவுமில்லாத பகுதிகளில் அமைந்துள்ளன.

இவை இத்தனை காலம் கண்ணில் படாமற்போனது ஏன்? 1958இல் ஜான் கெண்ட்ரூ மயோகுளோபின் புரதத்தின் உருவத்தை எக்ஸ்-கதிர்களால் கண்டறிந்தார். அதன்பின் படிகமாகும் புரதங்களே பெரிதும் ஆராயப்பட்டன. படிகமாவதற்கு ஒரே வடிவில் அசையாமல் நிற்க வேண்டும். குழுப் புகைப்படத்தில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தவன் முகம் கலங்கித் தெரியும். அதனால் அவன் வகுப்பிலேயே இல்லை என்று முடிவு கட்டுவோமா? எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியாத பகுதிகளை ஏறக்குறைய அப்படித்தான் ஒதுக்கினார்கள். கரைசலிலேயே மூலக்கூறுகளை ஆராயும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறை வளர்ந்த பிறகு நிலைமை மாறியது. 1999இல் பீட்டர் ரைட், ஜேன் டைசன் ஆகிய இருவரும், உருவமே செயலுக்கு அடிப்படை என்னும் கோட்பாட்டை மறுபடி ஆராய வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினர்.

பி-53 என்னும் புரதத்தை எடுத்துக்கொள்வோம். உயிரணு தறிகெட்டுப் பெருகாமல் தடுக்கும் காவலன் இது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இதன் மரபணு பழுதுபட்டிருக்கிறது. இதில் 393 அமினோ அமிலங்கள் உள்ளன. டி.என்.ஏ.வைப் பற்றும் நடுப்பகுதி உறுதியான உருவமுடையது; அங்கே ஃபிஷரின் உவமை பொருந்தும். தலையும் வாலும் அப்படியல்ல. வாலின் ஒரு சிறு துண்டு ஒரு புரதத்தோடு சேரும்போது சுருளாகிறது. மற்றொன்றோடு சேரும்போது நீண்ட இழையாகிறது. வேறு இரண்டோடு சேரும்போது சுருளும் இல்லை, இழையும் இல்லை. அமினோ அமில வரிசை ஒன்றே. வடிவமோ கூட்டாளிக்கு ஏற்றபடி மாறுகிறது. இதில் எது பூட்டு, எது சாவி?

எங்கள் நிலக்கோட்டைச் சந்தையின் மல்லிகைச் சரம் இதற்குச் சற்று நெருங்கி வரும். கூடையில் அது வட்டம், கூந்தலில் பிறை. ஆனால் சரம் தானாக அசைவதில்லை. புரதச் சங்கிலியோ வெப்பக் கிளர்ச்சியால் ஓயாது துடித்துக்கொண்டிருப்பது.

இயற்பியல் நோக்கில் காரணம் எளிது. உருவமுள்ள புரதத்தில், நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் உள்ளே ஒடுங்கி ஒரு கருவாகின்றன. உருவமிலாதவற்றில் இவை குறைவு. மின்னூட்டம் கொண்டவை மிகுதி. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி ஒடுங்குவதில்லை. இத்தகைய சங்கிலி கூட்டாளியைப் பற்றும்போது தன் சுதந்திரத்தை இழக்கிறது. அந்த இழப்புக்கான விலை பிணைப்பாற்றலிலிருந்து கழிகிறது. ஆகவே ஆள் பார்த்துப் பற்றும். பற்றினாலும் இறுகிப் போகாமல் விட்டுவிடக் கூடும். செய்தி கடத்தும் புரதத்துக்கு வேண்டியது இதுவே.

இந்தச் சுதந்திரத்தின் எல்லையை வரைந்தவர் சென்னையில் இருந்தார் என்பதை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும், சங்கிலியின் ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு பிணைப்புகள் எந்தெந்தக் கோணங்களுக்குத் திரும்பலாம் என்று கணக்கிட்டனர். அணுக்கள் ஒன்றோடொன்று மோதாத கோணங்களே அனுமதிக்கப்பட்டவை. இப்படத்தை, முடிந்துபோன உருவம் சரியா என்று பார்க்கும் தேர்வுத்தாளாக மட்டுமே வகுப்பில் காட்டுகிறோம். அது பாதிப் பயன்தான். அதில் அனுமதி பெற்றவை வெறும் புள்ளிகளல்ல, பரப்புகள். உருவமுள்ள புரதத்தில் ஓர் இணைப்பு அப்பரப்பின் ஒரு மூலையில் குடியேறிவிடுகிறது. உருவமிலாததில் அது பரப்புகளிடையே உலவிக்கொண்டே இருக்கிறது.

1958இல் டேனியல் கோஷ்லாண்ட், பொருள் வந்து சேரும்போது நொதி அதற்கேற்ப இசைந்துகொள்கிறது என்று கூறி ஃபிஷரைத் திருத்திவிட்டாரே என்று சிலர் சொல்லலாம். அதுவும் போதாது. இசைந்த பின்பாவது ஒரு திட்டமான வடிவம் கிடைக்கும் என்றே அவர் கொள்கை நம்புகிறது. புரோதைமோசின்-ஆல்ஃபா, ஹிஸ்டோன்-எச்1 என்னும் இரு புரதங்களைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையையும் அசைத்தது. முதலாவதன் நிகர மின்னூட்டம் எதிர் 44. இரண்டாவதன் மின்னூட்டம் நேர் 53. இரண்டும் மிக வலுவாகப் பற்றிக்கொள்கின்றன. பற்றிய பின்னும் இரண்டுக்கும் உருவமில்லை!

இவற்றை ‘ஒழுங்கற்ற புரதங்கள்’ என மொழிபெயர்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அச்சொல்லில் ஒரு பழி தொனிக்கிறது. ஏதோ நோயுற்ற புரதம் என்று மாணவர் எண்ணுவார். ‘உருவமிலாப் புரதம்’ என்றோ ‘நெகிழ் புரதம்’ என்றோ சொல்லலாம்.

இது வெறும் சொற்பூசல் அன்று. பூட்டாகவே எண்ணிப் பழகியவர் மருந்தையும் துளை தேடியே செய்வார். 2004இல் வெளிவந்த நட்லின் மூலக்கூறுகள், பி-53இன் தலை சென்று அமரும் எம்.டி.எம்-2 புரதத்தின் குழியை அடைத்தன. குழி இருந்தது, வழி கிடைத்தது. பார்க்கின்சன் நோயில் மூளை உயிரணுக்களில் திரளும் ஆல்ஃபா-சைனுக்ளினோ, 140 அமினோ அமிலங்கள் கொண்ட தனிச் சங்கிலியாகக் கரைசலில் மிதக்கும்போது, அப்படி ஒரு நிலையான குழியைக் காட்டுவதில்லை. 2024இல் நோபல் பரிசு பெற்ற ஆல்ஃபாஃபோல்டு கணினி முறையும் இத்தகைய பல பகுதிகளைத் தன் நம்பிக்கை குறைந்தவை என்று நிறமிட்டுக் காட்டுகிறது. நாமோ நிறத்தைக் கவனியாமல் அந்த வளைகோட்டையே புரதத்தின் உருவமென்று அச்சிட்டுவிடுகிறோம்.

நொதிப் பாடத்தில் ஃபிஷரின் பூட்டு இருக்கட்டும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் பி-53இன் வால் நான்கு கூட்டாளிகளோடு எடுக்கும் வடிவங்களை நான்கு சிறு கோட்டுப் படங்களாகப் போடலாம். அரைப் பக்கத்துக்கு மேல் இடம் பிடிக்காது.