மகட்போக்கிய தாயும் 'அலினாவுக்காக'வும்: சிறுவடிவ இசையில் தூண்டுதற்கதையின் இடம்

அளவிற் சிறிய படைப்புக்கே அது பிறந்த கதை பெரிதாகச் சொல்லப்படுகிறது. மூன்று நிமிடத்தில் முடியும் பியானோ இசைக்குப் பக்கக்கணக்கில் தோற்றவரலாறு எழுதப்படுவதை இக்கால மேலைச் செவ்வியல் இசைத்தட்டுகளின் உறைகளிற் காணலாம். அக்கதை படைப்பின் பொருளாகுமா, அன்றிப் புறத்தே நிற்கும் குறிப்பு மட்டுமா என்னும் வினாவை, எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் 'அலினாவுக்காக' (1976) என்னும் படைப்பின் வழி இக்கட்டுரை நோக்குகிறது. அகப்பாடல்களைக் கூற்றுக்குறிப்புகளோடு பயின்று பழகிய நமக்கு இவ்வினா புதிதன்று.

1935இல் பிறந்த பேர்ட், 1968இல் 'கிரேடோ' என்னும் படைப்பால் சோவியத் ஆட்சியாளரின் வெறுப்புக்கு ஆளானார். அதன்பின் எட்டாண்டுகள், மூன்றாம் சிம்பொனி (1971) முதலிய சில நீங்கலாக, அவர் பெரிதும் மௌனம் காத்துப் பழைய கிறித்தவ வழிபாட்டிசையைக் கற்றார். அம்மௌனத்தின் பின் வந்த இரண்டு பக்க இசைக்குறிப்பே 'அலினாவுக்காக'. சிறுமணிகள் எனப் பொருள்படும் 'டின்டினாபுலி' என்னும் அவரது புதிய முறை இதிலேயே முதன்முதல் தோன்றுகிறது.

இதன் தூண்டுதற்கதை எளியது. குடும்ப நண்பர் ஒருவரின் பதினெட்டு வயது மகள் இலண்டனுக்குச் சென்றுவிட்டாள்; தாய் எஸ்தோனியாவிலேயே தங்கினாள். எல்லை கடத்தல் எளிதல்லாத காலம் அது. படைப்பு மகளின் பெயரைத் தாங்கினாலும், பிரிவாற்றாத தாயின் உள்ளத்துக்கே அது எழுதப்பெற்றது என்பர். இதனைப் படித்தபோது ஐங்குறுநூற்றின் 'மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து' என் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. அங்கே, மகள் செல்லும் சுரம் மழை பெற்று இனிதாகுக எனத் தாய் விழைகிறாள். மகள் விட்டுச்சென்ற பாவையையும் கிளியையும் கண்டு கலங்குகிறாள். அது காதலனோடு நிகழ்ந்த உடன்போக்கு. அலினாவின் பயணம் அத்தகையதன்று. எனினும் வெறுமையான வீட்டில் நிற்பவள் தாயே என்பதில் இரண்டும் ஒன்றுகின்றன.

ஒப்புமையை இவ்வளவில் நிறுத்தினால் அது கதைகளின் ஒப்புமையே ஆகும். இசைக்குள் நிகழ்வது வேறு. தொடக்கத்தில் ஆழ்ந்த தாழ்சுரம் ஒருமுறை ஒலிக்கிறது. பெடல் அழுத்தப்பட்டிருப்பதால் அதன் ஒலி நீடிக்கிறது. அதன் மீது வலக்கை மெட்டை இசைக்க, இடக்கை பி மைனர் முச்சுரக் கூட்டின் சுரங்களை மட்டுமே ஏற்றுத் துணைவருகிறது. இசைக்குறிப்பில் கோடிட்டுப் பிரித்த பகுதிதோறும் சுரங்கள் ஒவ்வொன்றாகக் கூடி எட்டாகிப் பின் குறைகின்றன. காலக்கணக்கு குறிக்கப்படவில்லை. இடக்கை ஒரே ஓர் இடத்தில் மட்டும் கூட்டைவிட்டு வெளியேறுகிறது. பெடலும் அங்கே விடப்படுகிறது. அவ்விடத்தில் பேர்ட் இசைக்குறிப்பில் ஒரு பூவை வரைந்திருக்கிறார்.

பிரிவைக் கேட்க வேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து. வலக்கையை விட்டு அகலாது வந்த துணைக்குரல் ஒருகணம் தன் கூட்டைத் துறக்கிறது. இதனை உணர இலண்டனையோ அலினாவையோ அறிந்திருக்க வேண்டியதில்லை. முதுகலை மாணவரிடம் தலைப்பைச் சொல்லாமலே இவ்விசையை ஒருமுறை ஒலிக்கச் செய்தேன். மகளை ஒருவரும் குறிப்பிடவில்லை. யாரோ காத்திருப்பதாகச் சிலர் கூறினர். கதையைச் சொன்னபின்னரோ அனைவரும் கதையையே பேசினர். பூவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

தூண்டுதல் எங்கும் இவ்வாறு புறத்தே நிற்பதில்லை. ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தகெமிட்சுவின் 'மழைமர ஓவியம்' (1982), கென்சபுரோ ஓயேயின் சிறுகதையில் வரும் மரத்தினின்று பிறந்தது. இரவு பெய்த மழையைச் சிற்றிலைகளில் தேக்கி, மறுநாளும் துளித்துளியாய் உதிர்க்கும் மரம் அது. அங்குத் தூண்டுதலே வடிவமாகிவிட்டது. துளிகளைச் செவியே அறிகிறது. பேர்ட்டிடம் செவி அறிவது பிரிவை மட்டுமே. பிரிந்தவர் இன்னார் என்பதைத் தலைப்புத்தான் அறிவிக்கிறது.

அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்படலாகாது என்னும் தொல்காப்பிய மரபு இங்குக் கருதத்தக்கது. நெடுநல்வாடையில் வேம்பு பாண்டியனைச் சுட்டுகிறது என்ற ஒன்றினாலேயே நச்சினார்க்கினியர் அதனைப் புறம் என்றார். அவ்வளவைக் கொண்டால் 'அலினா' என்னும் பெயரும் ஒரு வேம்பே. இசை அகமாக இருக்க, தலைப்பு அதனைப் புறமாக்குகிறது. ஐங்குறுநூற்றின் துறைக்குறிப்பு இத்தவற்றைச் செய்யவில்லை. கூறுபவர் யார், எந்நிலையில் என்பதைச் சொல்லி, பெயரைத் தவிர்க்கிறது. நம் ஆய்வேடுகளில் இக்காலக் கவிதைக்குப் 'பின்புலம்' என இயல்கள் ஒதுக்குவோர், தாம் எழுதுவது துறைக்குறிப்பா, வேம்பா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1999இல் வெளிவந்த இசைத்தட்டில் அலெக்சாண்டர் மால்டர் இதே படைப்பை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 நிமிடம் நீளும் இருவேறு வடிவங்களில் வாசித்துள்ளார். தாழ்சுரம் அடங்கி அடுத்த சுரம் எழுமுன் உள்ள இடைவெளிகளே அதில் மிகுதி. முதலிற் கேட்க விரும்புவோர் உறைக்குறிப்பைப் பின்னர்ப் படிப்பது நன்று.